ஏர்லியா, ரெகுலரா? சீனியர் இயர் மார்க்கை வைத்து ஒரு கணக்கு

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டில் செப்டம்பர் பிறந்தால் இதே பேச்சுதான்: கல்லூரி விண்ணப்பத்தை நவம்பரிலேயே ஏர்லி டெசிஷனில் போடுவதா, ஜனவரியில் வழக்கமான ரெகுலர் சுற்றில் போடுவதா? நாங்கள் மகளுக்கு ரெகுலரைத்தான் தேர்ந்தெடுத்தோம். அவளுடைய சீனியர் இயர், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு மார்க்தான் காரணம்.

ஏர்லியின் வசதி எல்லாருக்கும் தெரிந்ததே. டிசம்பர் நடுவில் பதில் வந்துவிடும். பல கல்லூரிகளில் அந்தச் சுற்றில் இடம் கிடைக்கும் விகிதமும் கூடுதல். விளையாட்டு அணிக்காகக் கல்லூரி முன்பே பேசிவைத்த பிள்ளைகளும் அந்தக் கணக்கில் வருவதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இடம் கிடைத்தால் அங்கேயே சேர வேண்டும். நாலு கல்லூரிகளின் உதவித்தொகையை வைத்துப் பார்த்து முடிவெடுக்க முடியாது.

சரி, மார்க் விஷயத்துக்கு வருகிறேன். நவம்பர் 1 அன்று விண்ணப்பம் போகும்போது டிரான்ஸ்கிரிப்டில் (பள்ளி மார்க் பட்டியலில்) கடைசியாக இருப்பது பதினொன்றாம் வகுப்பு மார்க். சீனியர் இயரில் என்னென்ன பாடம் எடுத்திருக்கிறாள் என்பது தெரியும், எப்படிப் படிக்கிறாள் என்பது தெரியாது. சில கல்லூரிகள் முதல் காலாண்டு மார்க்கைக் கேட்டு வாங்கும், அவ்வளவுதான். ரெகுலரில் முதல் செமஸ்டர் முடிந்ததும் பள்ளிக் கவுன்சிலர் மிட்-இயர் ரிப்போர்ட் அனுப்புவார். மார்ச் கடைசியில் முடிவு வருவதற்குள் அந்தப் புது மார்க்கும் அவர்கள் கையில் இருக்கும்.

மகளுக்குப் பதினொன்றில் வேதியியல் சி பிளஸ், பிரீகால்குலஸ் பி. சீனியர் இயரில் ஏபி (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடம்) கால்குலஸும் ஏபி இயற்பியலும் எடுத்தாள். ஜனவரி ரிப்போர்ட்டில் இரண்டிலும் ஏ. ஏர்லியில் போட்டிருந்தால் அந்த சி பிளஸை மட்டும் பார்த்து முடிவெடுத்திருப்பார்கள். இதில் கணக்காவது வகுப்பு மார்க்தான். ஏபி பரீட்சை மே மாதம், அதன் மதிப்பெண் வருவது ஜூலையில். அதற்குள் சேர்க்கையே முடிந்திருக்கும்.

பதினொன்றிலேயே மார்க் நன்றாக இருந்து, ஒரே கல்லூரியில் மனசு நின்று, பணமும் தடையில்லை என்றால் ஏர்லி டெசிஷனே நல்லது. இரண்டுக்கும் நடுவில் ஏர்லி ஆக்‌ஷன் இருக்கிறது: சேர்ந்தே ஆக வேண்டிய கட்டாயம் இல்லை. கல்லூரி முடிவெடுக்காமல் 'டிஃபர்' செய்து ரெகுலர் சுற்றுக்குத் தள்ளினால் அப்போது மிட்-இயர் மார்க் மறுபடி கைகொடுக்கும்.

எங்கள் அனுபவமெல்லாம் தனியார் கல்லூரிகளோடுதான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் முறை வேறு: பத்து, பதினொன்றாம் வகுப்புப் பாடங்களை வைத்துத்தான் சேர்க்கைக்கான ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) போடுகிறார்கள். சீனியர் இயரில் ஏறிய மார்க் அதில் சேராது. அதற்காக விட்டுவிடவும் முடியாது, டி, எஃப் வாங்கினால் கிடைத்த இடமே ஆட்டம் காணும்.

ரெகுலரில் போடுபவர்கள் அப்புறம் ஒன்று செய்ய வேண்டும். குளிர்கால விடுமுறை முடிந்ததும் மிட்-இயர் ரிப்போர்ட் எப்போது போகும் என்று கவுன்சிலரிடம் கேட்டுவிடுங்கள். போய்ச் சேர்ந்ததா என்பதை ஒவ்வொரு கல்லூரியின் போர்ட்டலிலும் பிள்ளையே பார்க்கட்டும்.