வேலூரிலிருந்து மீனம்பாக்கம்: பூந்தமல்லி வரை சுகம்

ஆம்பூரில் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைத்து ஏற்றுமதி செய்கிற நண்பர் கேட்ட கேள்வி: "அண்ணே, சரக்கு வாங்குற பையருங்கள கூட்டியாரவும் நாம போகவும் எது தோது? மீனம்பாக்கமா, தேவனஹள்ளியா?" மீனம்பாக்கம் சென்னை விமான நிலையம், தேவனஹள்ளி பெங்களூருடையது. ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர் தோல்காரர்கள் காலங்காலமாகப் புழங்குவது மீனம்பாக்கம்தான். அந்தப் புழக்கத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நிலையத்தைக் குறை சொல்ல மனசு வராது. 2023 ஏப்ரலில் திறந்த டி2 முனையம் விசாலம். கோலம், புடவை, கோயில் வேலைப்பாடு என்று எந்த ஊரில் இறங்கியிருக்கிறோம் என்பதைச் சுவரே சொல்லிவிடும். நம்ம எரிச்சல் அந்தக் கட்டடத்துக்குள் இல்லை. பூந்தமல்லிக்கும் திரிசூலத்துக்கும் நடுவில் கிடக்கிறது.

வேலூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் ஏறக்குறைய 100 கி.மீ. ஆறுவழிச் சாலை வேலை வருஷக்கணக்கில் இழுத்தடித்தும், இரண்டு மணி நேரத்தில் வந்துவிடலாம். அதற்கப்புறம் 35 கி.மீ. கூட இருக்காது, ஆனால் ஒன்றரை மணி நேரம் தனியாக எடுத்து வையுங்கள். சாயங்காலம் 5 மணிக்கு மேல் கம்பெனி ஷிஃப்ட் பஸ்ஸும் கன்டெய்னர் டிரெய்லரும் ஒரே சாலையில் இறங்கும். ஐரோப்பா விமானங்கள் நள்ளிரவு தாண்டிக் கிளம்புவதால் நாம் புறப்படும் நேரமும் சரியாக அதுவே. மூன்று மணி நேரம் முன்னால் உள்ளே இருக்க வேண்டும் என்றால், 2 மணி விமானத்துக்கு வேலூரை இரவு 7.30-க்காவது தாண்டியாக வேண்டும். ஆம்பூர்க்காரர் இன்னும் ஒரு மணி நேரம் முன்னால்.

டிரைவர் போனைப் பார்த்து ஓட்டினால் பெரும்பாலும் பூந்தமல்லி, போரூர், நந்தம்பாக்கம், கத்திப்பாரா என்றுதான் போவார். காலை 5 மணிக்கு அது சரி. சாயங்காலத்தில் நசரத்பேட்டையிலேயே வெளிவட்டச் சாலையில் ஏறச் சொல்லுங்கள். குன்றத்தூரில் இறங்கி அனகாபுத்தூர், பம்மல், பல்லாவரம் வந்தால் ஜி.எஸ்.டி. சாலையில் விமான நிலையம் இடது கைப் பக்கமே வரும். பம்மலில் கடைத்தெரு நெரிசல் உண்டு, தூரம் குறைவு. ஸ்ரீபெரும்புதூரே அடைத்துக் கிடக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தால், காஞ்சிபுரத்தில் திரும்பி வாலாஜாபாத், ஒரகடம், வண்டலூர். சுற்றுதான், ஆனால் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். தாம்பரத்தில் கொஞ்சம் அழவும் வைக்கும்.

எதிர்பாராத சந்தோஷம் ரயில். பகல் விமானம் என்றால் கார் எடுக்கவே வேண்டாம். காட்பாடியிலிருந்து சென்ட்ரலுக்கு எக்ஸ்பிரஸில் சுமார் இரண்டு மணி நேரம். அங்கேயே கீழே இறங்கி மெட்ரோவின் நீலத் தடத்தைப் பிடித்தால் வண்டி மாறாமல் விமான நிலையம். மெட்ரோவில் அதிகபட்சக் கட்டணமே 50 ரூபாய். பச்சைத் தடத்தில் ஏறிவிட்டால் ஆலந்தூரில் இறங்கி மாற வேண்டும், பலர் சறுக்குவது அங்கேதான். பையர் ஒருவரே, ஒரு பெட்டி என்றால் ஏ.சி. காரை விட இது மேல். ராத்திரி 11 மணியோடு மெட்ரோ படுத்துவிடும், காலை 5 மணிக்குத்தான் எழும். நமக்கு வேண்டிய விமானங்கள் அந்த இடைவெளியில்தான் அதிகம் என்பது தலையெழுத்து.

ராத்திரி வந்து இறங்குபவருக்குக் கம்பெனி கார் அனுப்புவதே நல்லது. ஆப் டாக்ஸி ஏறும் இடம் வாசலில் இல்லை, பல அடுக்கு கார் பார்க்கிங்கில் இருக்கிறது. பெட்டியைத் தள்ளிக்கொண்டு வழி தேடி அலைந்த ஆளிடம் மறுநாள் விலை பேச முடியாது.

சாம்பிள் கொண்டு போகிறவர்களுக்கு. ஜோடியாக வேண்டாம், ஒற்றைக் கால் ஷூ மட்டும். உள்பக்கம் ஓட்டை போட்டு, விற்பனைக்கல்ல என்று எழுதிய இன்வாய்ஸோடு. லாஸ்ட்டில் (ஷூ தைக்கிற கால் அச்சு) இரும்பு இருப்பதால் எக்ஸ்-ரேயில் நிறுத்துவார்கள், செக்-இன் பெட்டியில் போடுங்கள். கட்டிங் டை (தோல் வெட்டும் அச்சு), தோல் சீவும் கத்தி கைப்பையில் கூடவே கூடாது. ரப்பர் சொல்யூஷன், லேக்கர் டப்பா இரண்டும் தீப்பற்றும் சரக்கு. எந்தப் பெட்டியிலும் வைக்கக் கூடாது, சின்ன டப்பாதானே என்று சொல்லிப் பயனில்லை. மிலன் கண்காட்சி மாதிரி போய்த் திரும்பும் சாம்பிளுக்கு ஏ.டி.ஏ. கார்னெட் என்ற தற்காலிகச் சுங்க ஆவணம் எடுத்தால் அங்கே சுங்கம் கட்டி மீட்கும் வேலை மிச்சம்.

கார்கோவில் அனுப்புவது என்றால் எடையை விட அளவைப் பாருங்கள். 33×20×12 செ.மீ. டப்பாவில் 10 ஜோடி வைத்தால் அட்டைப்பெட்டி 62×42×35 வரும். மூன்றையும் பெருக்கி 6000-ஆல் வகுத்தால் 15.2, பில் 15.5 கிலோவுக்கு. தராசில் 12 கிலோதான் இருக்கும். கூரியரில் 5000-ஆல் வகுப்பார்கள், 18.5 ஆகிவிடும். டப்பாவை எடுத்துவிட்டுத் துணிப்பையில் சுற்றி 50×40×30 பெட்டியில் அடுக்கினால் அளவுக் கணக்கு 10 கிலோ. நிஜ எடைக்குத்தான் காசு. அவசரச் சரக்குக்குக் கிளியரிங் ஏஜென்ட் சொல்லும் கட்-ஆஃப் நேரத்தை (சரக்கை ஒப்படைக்கக் கடைசி நேரம்) மீனம்பாக்கத்துக்கான நேரமாக வையுங்கள், வேலூரில் லாரி கிளம்பும் நேரமாக இல்லை. நெரிசல் நேரத்தில் கனரக வண்டிகளுக்கு நகரத்துக்குள் தடை உண்டு.

தண்ணியில்லாத ஆறு என்று நம்ம பாலாற்றைச் சொல்லிச் சிரிப்பார்கள். அங்கே அடையாற்றின் மேலேயே இரண்டாவது ஓடுபாதை போகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் 1-ஆம் தேதி ராத்திரி மூடிய நிலையம் 6-ஆம் தேதிதான் திறந்தது. 2023 மிக்ஜாம் புயலிலும் மூடினார்கள். நவம்பர், டிசம்பரில் கண்காட்சிக்குப் போகிறவர் ஒருநாள் முன்னால் டிக்கெட் போடட்டும். போகிப் பண்டிகை காலை விமானம் வேண்டவே வேண்டாம். டயர் புகையும் பனியும் சேர்ந்து 2018-இல் ஓடுபாதையே தெரியவில்லை, பல விமானங்கள் வேறு ஊருக்குத் திரும்பின.

தேவனஹள்ளிக்கு வேலூரிலிருந்து சித்தூர், பலமனேர், முல்பாகல், கோலார், ஹொஸ்கோட்டே வழியில் போனால் பெங்களூர் ஊருக்குள் நுழையவே வேண்டாம். தூரம் 100 கி.மீ. அளவுக்குக் கூடுதல். வாடகை வண்டி என்றால் இரண்டு மாநில பர்மிட் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து பார்த்தால் தூர வித்தியாசம் பேசுகிற அளவுக்கு இல்லை.

பரந்தூரில் புது விமான நிலையம் வந்தால் நமக்குக் காஞ்சிபுரத்தோடு பயணம் முடியும் என்று நம்ம ஊரில் கணக்குப் போடுகிறார்கள். ஏகனாபுரத்துக்காரர்கள் நிலம் தர மாட்டோம் என்று போராடும்போது, அந்தக் கணக்கைச் சத்தமாகச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

கட்டணம், தூரம், சரக்கு, ரயில், எல்லாம் கூட்டினால் மீனம்பாக்கம்தான் ஜெயிக்கும். ஆனாலும் ஆம்பூர் நண்பரே, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பி பிராங்க்ஃபர்ட் போக வேண்டும் என்கிறீர்கள். தேவனஹள்ளியிலேயே டிக்கெட் போடுங்கள்.