ரெண்டும் நாலும்: மெட்ரோனோமோடு மூன்று வருடம்

என் ஜாஸ் டிரம் வாசிப்பை முதல்முறையாகப் போனில் பதிவு செய்து கேட்ட அன்று தூக்கம் வரவில்லை. நடுத்தர வேகத்தில் ஒரு ப்ளூஸ். தொடங்கும்போது 132 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 132 அடி. முடிகிற இடத்தில் அளந்து பார்த்தால் 151. ஆறே நிமிடத்தில் இவ்வளவு ஓடியிருக்கிறேன், வாசிக்கும்போது துளிகூட உறைக்கவில்லை. பியானோவில் இருந்த நண்பன் மட்டும் அப்போதே கேட்டான்: "ஏன்டா, கடைசி டிரெயினைப் பிடிக்கணுமா?"

எனக்கு ரோஷம் வேறு. சின்ன வயதில் நான்கு வருடம் மிருதங்கம் கற்றவன், காலப்பிரமாணத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் என்று நினைப்பு. பிறகுதான் புரிந்தது. அங்கே பாடுகிறவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருப்பார், அதைப் பார்த்து ஒட்டிக்கொள்ளலாம். ஜாஸில் அப்படி யாரும் கை காட்டுவதில்லை. ரைடு சிம்பல் என்ற பெரிய உலோகத் தட்டின் மேல் ஓடும் டிரம்மரின் வலது கைதான் தாளம் போடும் கை. 1940-களில் கென்னி கிளார்க் போன்ற டிரம்மர்கள் காலக்கணக்கைக் காலால் அடிக்கும் பேஸ் டிரம்மிலிருந்து ரைடு சிம்பலுக்கு மாற்றியதிலிருந்து அந்தப் பொறுப்பு அங்கேயே இருக்கிறது. அந்தக் கை ஓடினால் மேடையே ஓடும்.

அப்படித்தான் மெட்ரோனோம் வீட்டுக்குள் வந்தது, வைத்த வேகத்தில் சீராகக் கிளிக் அடித்துக்கொண்டே இருக்கும் கருவி. மூன்று வருடமாக வாரத்தில் ஐந்து நாளாவது, நாளுக்கு நாற்பது நிமிடம். ஃபிளாட்டில் முழு செட் வைக்க வழியில்லை. ஒரு பிராக்டிஸ் பேட், ஒரு ஹை-ஹாட் (காலால் மூடித் திறக்கும் ஜோடிச் சிம்பல்), பழைய துண்டு போர்த்திய ரைடு, அவ்வளவுதான். ஞாயிறு மட்டும் ஸ்டுடியோவில் ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுத்து நிஜமான செட்.

முதல் ஆறு மாதம் வீண். பாருக்கு (தாளத்தின் ஒரு சுற்றுக்கு) நான்கு அடி, நான்கிலும் கிளிக்கை ஒலிக்கவிட்டு அதோடு வாசித்தேன். அதில் ஒரு சுகம் உண்டு. குச்சி கிளிக்கின் மேல் சரியாக விழுந்தால் சிம்பல் சத்தம் அதை விழுங்கிவிடும். கிளிக் காணாமல் போனால் நாம் சரி. ஆனால் அது சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பது மாதிரி. ஒவ்வொரு அடியிலும் மெஷின் திருத்திக்கொண்டே இருந்தது, நான் கணக்கு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. அதை அணைத்துவிட்டு வாசித்துப் பதிவு செய்தால் பழைய ஓட்டம் அப்படியே இருந்தது.

ஆன்லைனில் பாடம் எடுக்கும் ஆசிரியர் இதைக் கேட்டுச் சிரித்தார். "கிளிக்கைப் பாதியாக் குறைங்க. ரெண்டுலயும் நாலுலயும் மட்டும் வரட்டும்," என்றார். ஜாஸ் வாசிப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான், எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. 120-ல் வாசிக்க வேண்டுமென்றால் மெட்ரோனோமை 60-ல் வைக்க வேண்டும். வருகிற கிளிக்கை வாயால் "ரெண்டு... நாலு..." என்று சொல்லி, நடுவில் "ஒண்ணு", "மூணு" சேர்த்து, பிறகு ஒன்றில் தொடங்க வேண்டும். இடது கால் ஹை-ஹாட்டை மூடும் "சிக்" சத்தமும் கிளிக்கும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார வேண்டும்.

எழுதும்போது எளிதாக இருக்கிறது. முதல் மாதம் என்ன நடந்தது என்றால், நாலைந்து பார் நன்றாகப் போகும். இடது கை ஸ்னேர் டிரம்மில் ஏதாவது காம்பிங் (இடையிடையே போடும் துணை அடிகள்) சொல்லப் போகும். திரும்பி வந்து பார்த்தால் கிளிக் ஒன்றிலும் மூன்றிலும் ஒலித்துக்கொண்டிருக்கும். மெஷின் நகரவில்லை, நான்தான் நடுவில் ஒரு முழு அடியை விழுங்கியிருக்கிறேன். நான்கு அடியிலும் கிளிக் இருந்த காலத்திலும் விழுங்கியிருப்பேன், அது காட்டிக்கொடுக்கவில்லை. இந்த ஒரு பயிற்சிக்காகவே மெட்ரோனோம் வாங்கலாம். ஏறக்குறைய எட்டு வாரத்தில் பிடிபட்டது. அதன் பிறகு ஒரு நாள் கிளிக் எனக்கு உத்தரவு போடுவது நின்று, கூட யாரோ விரல் சொடுக்குவது போலக் கேட்டது.

அடுத்து நான்காவது அடியில் மட்டும். பிறகு இரண்டு பாருக்கு ஒன்று. கூடவே "ரெண்டு பார் சத்தம், ரெண்டு பார் மௌனம்". நான் எங்கே ஓடுகிறேன் என்பது இந்த மௌனத்தில்தான் அகப்பட்டது. நேராக ரைடு வாசித்தால் ஓடுவதில்லை. ஃபில் (இடையில் நிரப்பும் சின்ன அடிக்கோவை) வாசிக்கும்போதும் ஓடுவதில்லை. ஃபில்லுக்குள் ஓர் இடைவெளி விட்டால், அந்த இடைவெளியைத்தான் சுருக்குகிறேன். சும்மா இருக்கக் கை பொறுக்கவில்லை.

ஜாஸில் நான்கு பார் மற்றவர், நான்கு பார் டிரம் சோலோ என்று மாற்றி மாற்றி வாசிக்கும் வழக்கம் உண்டு. அதையே சோதனையாக வைத்தேன். 160-ல் நான்கு பார் என்றால் பதினாறு அடி, சரியாக 6 விநாடி. அந்த ஆறு விநாடி மட்டும் கிளிக் கிடையாது. முதல் வாரப் பதிவுகளில் பாதிக்கு மேல் அரை அடி முன்னாடி வந்து இறங்கியிருந்தேன். சோலோவை வாயில் பாடிக்கொண்டே வாசிக்க ஆரம்பித்த பிறகு குறைந்தது. மிருதங்க வாத்தியார் சொற்கட்டைச் சொல்லவிட்டு வாசிக்க வைத்ததன் காரணம் முப்பது வருடம் கழித்து விளங்கியது.

ஸ்விங் பற்றி ஒரு வார்த்தை. "டிங், டிங்-அ-டிங்" என்ற ரைடு நடையில் அந்த "அ" எங்கே விழ வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். நடுத்தர வேகத்தில் திஸ்ர நடை மாதிரி நினைத்துக்கொள்ளலாம்: தகிட, நடுவிலுள்ள "கி" மௌனம். மெட்ரோனோமில் ஓர் அடிக்கு மூன்று கிளிக் வைத்து அந்த இடத்தைக் காட்டிக்கொள்ளலாம். ஆனால் 220-க்கு மேல் அப்படிச் செய்யாதீர்கள். வேகம் ஏற ஏற அந்த "அ" நடுவை நோக்கி நகர்ந்து இரண்டு ஸ்வரமும் ஏறக்குறைய சமமாகிவிடும். அங்கே மும்மூன்றாக எண்ணிக்கொண்டிருந்தால் கை இறுகி நொண்டும்.

கருவிகளுக்கு வருவோம். ஆசைக்கு ஒரு மரக்கூம்பு மெட்ரோனோம் வாங்கினேன், சாவி கொடுக்கும் வகை, பழையது. மெல்ட்சல் என்பவர் 1815-ல் காப்புரிமை பெற்ற அதே வடிவம் (யோசனை ஆம்ஸ்டர்டாமிலிருந்த விங்கெல் என்பவருடையது, பெயர் மட்டும் இவருக்கு). என் மேசையில் வைத்தால் டிக்...டக்-டிக்...டக் என்று நொண்டியது. கடைக்காரரோடு சண்டை போடக் கிளம்பும் முன் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை மடித்து ஒரு பக்கம் செருகினேன், சரியாகிவிட்டது. மேசைதான் கோணல். பார்க்க அழகு, ரைடு சத்தத்தில் சுத்தமாகக் கேட்காது. 40-க்குக் கீழே போகாது என்பதால் மெதுவான பாட்டுக்கு இரண்டு-நான்கு வைக்கவும் முடியாது. இப்போது அலமாரியில் அலங்காரம்.

போன் ஆப்தான் உண்மையில் உழைக்கிறது. அவி போர்ட்னிக் என்ற கிட்டார்காரர் உருவாக்கிய டைம் குரு என்ற ஆப்பில் கிளிக்குகளைத் தாறுமாறாக மறைக்கும் வசதி உண்டு, எத்தனை சதவீதம் என்று நாமே வைத்துக்கொள்ளலாம். 30-ல் தொடங்கினேன். 70-ல் இன்னும் வியர்க்கிறது.

ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். வயரில்லாத ஹெட்போன் வாங்கி மாட்டிக்கொண்டு வாசித்து, லேப்டாப்பில் கிளிக்கோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். எல்லா அடியும் பின்தங்கியிருந்தது. ஓடுகிறவன் இழுக்கிறவனாக மாறிவிட்டேன் என்று இரண்டு வாரம் என்னையே நொந்துகொண்டேன். ஒரு நாள் பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வோர் அடியும் அதே 170 மில்லி விநாடி தள்ளியிருக்கிறது, கூட்டிக் குறைவில்லாமல். அவ்வளவு ஒழுங்காக எந்த மனிதனும் இழுக்க முடியாது. புளூடூத் தாமதம். வாசிக்கும்போது அது உறுத்தாது, ஏனென்றால் காதில் விழுவதோடு சேர்ந்துதானே வாசிக்கிறோம். பதிவில்தான் ஏமாற்றும். இப்போது நூற்றைம்பது ரூபாய் வயர் இயர்போன்.

மெட்ரோனோம் தராத ஒன்று போன வருடம் தெரிந்தது. மூன்று பேர் சேர்ந்து வாசித்தோம், பேஸ் (கனத்த ஒலியுள்ள தந்தி வாத்தியம்) வாசித்தவர் என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் அசையாத கிளிக் மாதிரி உட்கார்ந்திருந்தேன், பெருமையாகவும் இருந்தது. இடைவேளையில் டீ குடிக்கும்போது, "தம்பி, நான் கொஞ்சம் பின்னாடி சாஞ்சு உக்கார்றேன். நீங்க என்னைத் தள்ளிக்கிட்டே இருக்கீங்க," என்றார்.

"சார், நான் ஓடலையே?"

"ஓடலை. என்னைக் கேக்கவும் இல்லை."

அன்றிலிருந்து நாற்பது நிமிடத்தில் பதினைந்து நிமிடம் மெட்ரோனோமுக்குப் பதில் பேஸ் மட்டும் உள்ள பதிவுகளோடு வாசிக்கிறேன். அவை மில்லி விநாடிக் கணக்கில் சரியாக இருக்காது, அதுதான் வேண்டியது.

இன்றைய நிலவரம்: அதே ப்ளூஸ், 132-ல் தொடங்கி ஆறு நிமிடம் கழித்து 134. அதற்கு மேல் இறங்கும் என்று தோன்றவில்லை, இறங்க வேண்டுமா என்றும் தெரியவில்லை. பாலட்தான் பாக்கி, அதாவது மெதுவான பாட்டு. 56-ல், குச்சிக்குப் பதில் பிரஷ், இடது கை ஸ்னேரில் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருக்கும், இரண்டு பாருக்கு ஒரு கிளிக். அதாவது எட்டரை விநாடிக்கு ஒன்று. நேற்றுப் பத்து முறை வாசித்ததில் ஆறு முறை நான் முதலில் போய்ச் சேர்ந்து கிளிக்குக்காகக் காத்திருந்தேன்.