போஸ்டரில் இருந்த மிருகம் படத்தில் இல்லை

குறைந்த பட்ஜெட்டில் எடுத்த ராட்சத மிருகப் படங்களை நான் பார்க்கத் தொடங்கிப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. பல்லி, நண்டு, வெட்டுக்கிளி, ஆக்டோபஸ், சுறா, பெயர் தெரியாத ஏதோ ஒன்று என்று எல்லாம் பார்த்தாயிற்று. ஒரே மின்விசிறியைப் பதினைந்து வருடம் ஓட்டியவருக்கு அது எந்த வேகத்தில் கடகடக்கும் என்று தெரியும் இல்லையா, அந்த மாதிரி அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன். பெரும்பாலும் ஏமாற்றம். ஆனாலும் விடவில்லை.

முதலில் தேய்ந்து போவது போஸ்டர் மேல் இருக்கும் நம்பிக்கை. போஸ்டரில் பாதி நகரம் நொறுங்கிக் கிடக்கும், மிருகத்தின் கையில் ஒரு ஹெலிகாப்டர் இருக்கும். படத்தில் ஒரு ஏரிக்கரை, ஒரு மரக்குடில், நான்கு பேர். ஹெலிகாப்டர் சத்தம் மட்டும் எங்கிருந்தோ கேட்கும். இப்போதெல்லாம் போஸ்டரைத் தலைகீழாகப் படிக்கிறேன். அதில் எது பெரிதாக இருக்கிறதோ அது படத்தில் இருக்காது.

பார்ப்பவர்களுக்கு மட்டும்தான் இந்த ஏமாற்றம் என்று நினைக்க வேண்டாம். 1957இல் ‘தி ஜயண்ட் கிளா’ என்றொரு படம் வந்தது. விண்வெளியிலிருந்து வரும் ராட்சதப் பறவை, அதைச் சுற்றி எதிர்ப்பொருள் கவசம், குண்டு எதுவும் துளைக்காது. கதாநாயகனாக நடித்தவர் ஜெஃப் மாரோ. படப்பிடிப்பு முழுக்க வெறும் வானத்தைப் பார்த்துப் பயந்து நடித்திருக்கிறார், பறவை எப்படி இருக்கும் என்று யாரும் காட்டவில்லை. செலவைக் குறைக்க மெக்சிகோவில் செய்து வாங்கிய பொம்மை அது. பிதுங்கிய கண், உச்சியில் நாலு முடி, நீண்ட வழுக்கைக் கழுத்து. படம் திரையிட்ட அன்று பறவை வரும்போதெல்லாம் கூட்டம் சிரித்ததாம். யாராவது அடையாளம் கண்டுவிடுவார்களோ என்று பாதியிலேயே நழுவி வீட்டுக்குப் போய்விட்டதாகப் பின்னாளில் ஒரு பேட்டியில் மாரோ சொல்லியிருக்கிறார். அந்தப் படத்தை நான் நான்கு தடவை பார்த்திருக்கிறேன். மனிதர் முகத்தில் கிண்டலே இல்லாமல், உயிரைக் கொடுத்துத்தான் நடித்திருக்கிறார். அதனால்தான் பாவமாக இருக்கிறது.

இரண்டாவது வருடத்திலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அதில் முக்கியமாக ஒரே குறிப்பு: மிருகம் முழுதாகத் தெரிவது எத்தனையாவது நிமிடத்தில். நாற்பதைத் தாண்டினால் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். அதுவரை என்ன நடக்கும்? பேசுவார்கள். அறைக்குள் பேசுவார்கள், காருக்குள் பேசுவார்கள், கம்ப்யூட்டர் திரையில் நகரும் ஒரு சிவப்புப் புள்ளியைப் பார்த்து ‘அது கரையை நோக்கி வருகிறது’ என்பார்கள். பிரிந்துபோன கணவனும் மனைவியும் விஞ்ஞானிகளாக இருப்பார்கள், கடைசியில் சேர்ந்துவிடுவார்கள். காரணம் எளிது. ஓர் அறையில் இரண்டு நடிகர்களை உட்கார வைத்தால் ஒரே நாளில் பத்து நிமிடப் படத்தைத் தேற்றிவிடலாம். மிருகம் வரும் ஐந்து விநாடிக்கு வாரக்கணக்கில் வேலை இருக்கும். கணக்குப் பார்க்கும் தயாரிப்பாளர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி, பேச்சைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் பொறுக்க முடியாதது எடை இல்லாத மிருகம்.

இது புரிய எனக்கே சில வருடங்கள் ஆயின. ஐம்பது மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொட மூன்று விநாடிக்குச் சற்று மேல் ஆகும். இரண்டு மீட்டரிலிருந்து விழ முக்கால் விநாடிகூட ஆகாது. ஆக, பெரியது விழுவதும் திரும்புவதும் பார்க்கிற கண்ணுக்கு எப்போதும் மெதுவாகத்தான் தெரியும். நம் கண்ணுக்கு இந்தக் கணக்கு படிக்காமலேயே தெரியும். அதனால்தான் 25இல் ஒரு பங்கு அளவில் கட்டிய மினியேச்சர் கட்டடம் இடிவதை, வழக்கத்தைவிட ஐந்து மடங்கு வேகத்தில், விநாடிக்கு 120 ஃபிரேம், அதாவது 120 தனிப் படங்கள், என்று படம் பிடிக்க வேண்டும். திரையில் அது 24 ஃபிரேமில் ஓடும்போது ஐந்து மடங்கு மெதுவாகி, அட்டைச் சுவர் கான்கிரீட் ஆகிவிடும். 1954இல் வந்த முதல் ‘காட்ஸில்லா’வின் ரகசியத்தில் பாதி இதுதான். ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் செய்த எய்ஜி சுபுராயாவுக்கு ஸ்டாப் மோஷனில், அதாவது பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு ஃபிரேமாக, எடுக்கத்தான் ஆசை, நேரமும் பணமும் இடம் கொடுக்கவில்லை. கடைசியில் நடிகர் ஹருவோ நகாஜிமா கனமான ரப்பர் காட்ஸில்லா உடைக்குள் வியர்த்து வழிந்து நடந்தார், கேமரா வேகமாக ஓடியது. உடை கனமாக இருந்ததால் நடையும் கனமாக வந்தது. பணமில்லாமல் பிடித்த வழிதான், இன்றைக்கும் அசைக்க முடியவில்லை.

இந்தக் கணக்கு தெரியாத படங்களில், அல்லது தெரிந்தும் ஃபிலிம் செலவுக்குப் பயந்தவற்றில், டைனோசர் வாலைச் சுழற்றினால் தெருநாய் வாலாட்டுவது போல இருக்கும். கிராஃபிக்ஸ் வந்த பிறகு இது இன்னும் மோசம். சமீபத்திய மலிவுப் படங்களில் அறுபது அடி முதலை பூனைக்குட்டி வேகத்தில் பாய்கிறது. கால் பட்ட இடத்தில் புழுதி எழவில்லை, நிழல் விழவில்லை. தண்ணீர் அதை ஒதுக்கிக்கொண்டு தன் பாட்டுக்குப் போகிறது. அதைப் பார்த்துத் துப்பாக்கி நீட்டும் மூன்று பேரும் மூன்று திசையில் பார்க்கிறார்கள், ஏனென்றால் படப்பிடிப்பின்போது அங்கே ஒன்றுமே இல்லை, எங்கே பார்க்க வேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை. உயரம் பத்து மடங்கானால் எடை ஆயிரம் மடங்காகும், எலும்பின் குறுக்குப் பரப்பு நூறு மடங்குதான் ஆகும், இப்படி ஒரு மிருகம் எழுந்து நிற்கவே முடியாது என்று அறிவியல் பேசுகிறவன் இல்லை நான். நிற்கட்டும். நின்றால் தரை அதிர வேண்டும், அவ்வளவுதான்.

உயிருள்ள பிராணிகளைப் பெரிதாக்கிக் காட்டுவது தனி வகை. 1957இல் பெர்ட் ஐ. கார்டன் எடுத்த ‘பிகினிங் ஆஃப் தி எண்ட்’ படத்தில் வெட்டுக்கிளிகள் சிகாகோவின் கட்டடங்களில் ஏறும். ஏறுவது கட்டடத்தின் புகைப்படத்தின் மேல். ஒரு பூச்சி கட்டடத்தின் விளிம்பைத் தாண்டி வெறும் வானத்தில் கால் வைத்துவிடும். முதல் முறை பார்த்தபோது வயிறு வலிக்கச் சிரித்தேன். 1959இல் வந்த ‘தி ஜயண்ட் கிலா மான்ஸ்டர்’ படத்தில் நிஜப் பல்லியைப் பொம்மை ரயிலுக்குப் பக்கத்தில் விட்டிருப்பார்கள், அதுவும் கிலா பல்லி அல்ல, அதன் உறவுக்காரப் பல்லி. அது தேமே என்று நாக்கை நீட்டிக்கொண்டு நடக்கும், வேறெங்கோ மனிதர்கள் அலறுவார்கள். 1972இல் வந்த ‘நைட் ஆஃப் தி லீபஸ்’ படத்தில் முயல்கள். ஆமாம், முயல்கள். மினியேச்சர் தெருவில் ஸ்லோமோஷனில் ஓடும், கீழே குதிரைக் குளம்பொலி மாதிரி ஒரு சத்தம். எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் முயல் முயல்தான். இந்தப் படங்களின் ஆயுள் ஒரே தடவை. இரண்டாம் முறை சிரிப்பு வராது, பல்லி மேல் இரக்கம்தான் வரும்.

பழைய படத்துக் காட்சிகளை வெட்டி ஒட்டிப் புதுப்படம் என்று விற்கும் வேலையும் உண்டு. கமேரா என்பது ஜப்பானியப் படங்களில் வரும் ராட்சத ஆமை. 1980இல் வந்த ‘கமேரா: சூப்பர் மான்ஸ்டர்’ படத்தின் சண்டைகள் பெரும்பாலும் முந்தைய கமேரா படங்களிலிருந்து எடுத்தவை. எல்லாப் படத்தையும் வரிசையாகப் பார்த்தவனுக்கு அது பழைய சோறு. அதைப் பற்றி இவ்வளவு போதும்.

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் தருபவை வேண்டுமென்றே மோசமாக எடுக்கப்படும் படங்கள். 2010ஐ ஒட்டி ஒரு அலையாகவே வந்தன. இரண்டு மிருகங்களின் பெயரை ஒட்டித் தலைப்பு வைத்து, டிரெய்லரில் ஒரே ஒரு அபத்தமான ஷாட்டை வைத்து, ‘நாங்களே சிரிக்கிறோம், நீங்களும் சிரியுங்கள்’ என்று கண்ணடிப்பவை. அந்த ஷாட்டைத் தவிர மீதி எண்பது நிமிடமும் அதே அறை, அதே சிவப்புப் புள்ளி. பழைய பறவைப் படம் தோற்றது, ஆனால் முயன்று தோற்றது. இவை முயலவே இல்லை. நான் வாங்கிய பத்துப் படத் தொகுப்பு ஒன்றில் ஏழு இந்த ரகம். இரண்டில் ஒரே நீச்சல் குளம் வருகிறது.

இவ்வளவுக்கும் நடுவில் ஏன் தொடர்கிறேன் என்றால், பணமில்லாதவர்கள் சில நேரம் பிடிக்கும் வழிகளுக்காகத்தான். 1955இல் வந்த ‘இட் கேம் ஃபிரம் பினீத் தி ஸீ’ படத்தில் ரே ஹாரிஹவுசன் செய்த ஆக்டோபஸுக்கு ஆறு கைகள்தான். ஒவ்வொரு கையையும் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்த வேண்டும், இரண்டைக் குறைத்தால் செலவும் நேரமும் மிச்சம். படிக்கும்வரை எனக்கு இது தெரியாது. அப்புறம் போய் எண்ணிப் பார்த்தேன், ஒவ்வொரு ஷாட்டிலும் ஏதோ ஒரு கை தண்ணீருக்குள் இருப்பதுபோல் ஏமாற்றியிருக்கிறார். இயக்குநர் ரோஜர் கார்மனின் 1957 நண்டுப் படத்தில் நண்டு பார்க்கச் சகிக்காது. ஆனால் அது தின்ற மனிதர்களின் குரலிலேயே இரவில் நண்பர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். அதற்குச் சல்லிக்காசு செலவில்லை, எனக்கு இன்னும் மறக்கவில்லை. படமும் 62 நிமிடத்தில் முடிந்துவிடும், பெரிய புண்ணியம்.

2010இல் கேரத் எட்வர்ட்ஸ் ‘மான்ஸ்டர்ஸ்’ படத்தை ஐந்து லட்சம் டாலருக்கும் குறைவான செலவில் எடுத்தார், கிராஃபிக்ஸை அவரே கடையில் கிடைக்கும் மென்பொருளில் செய்தார். 2023இல் வந்த ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’ படத்துக்கு 35 பேர் கொண்ட குழு 610 எஃபெக்ட்ஸ் ஷாட்டுகள் செய்து ஆஸ்கர் வாங்கியது. ஹாலிவுட் கணக்கில் அந்தப் படத்துக்கு ஆன செலவு சில்லறைக் காசு. அதன் பிறகு ‘பட்ஜெட் இல்லை, என்ன செய்வது’ என்ற சமாதானம் என்னிடம் செல்லுபடியாவதில்லை.

இப்போது மாதத்துக்கு ஒன்று பார்க்கிறேன், முன்புபோல வாரத்துக்கு மூன்று இல்லை. முதல் பத்து நிமிடத்தில் யாராவது வரைபடத்தை விரித்துக் கதையை விளக்கினால் நிறுத்திவிடுவேன். ஓட்டிப் பார்ப்பதில்லை, ஓட்டினால் நல்ல ஷாட்டும் சேர்ந்து போய்விடும்.

போன மாதம் பார்த்ததும் நண்டுதான். 58ஆவது நிமிடத்தில் முழுதாக வந்தது, நிழல் இல்லை, தரையில் கால் பதியவில்லை. ஆனால் அதற்கு வெகுமுன்பு, 31ஆவது நிமிடத்தில், இரவில் ஒரு ஷாட். கரையில் கட்டியிருக்கும் காலிப் படகு. காற்று இல்லை, தண்ணீர் அசையவில்லை. படகின் கயிறு மட்டும் மெதுவாக விறைத்து, கட்டையில் கிறீச்சிட்டு, மறுபடி தளர்கிறது. யாரோ ஒருவர் நின்று யோசித்து எடுத்திருக்கிறார். அதை மூன்று முறை திருப்பிப் போட்டுப் பார்த்தேன். நோட்டில் அந்தப் படத்துக்கு நேராக 31 என்று எழுதியிருக்கிறேன்.