800 கிராம் என்றார்கள், தராசில் 1 கிலோ 640: கிருஷ்ணகிரியில் ஸ்லீப்பிங் பேக் வாங்கி ஏமாந்த கதை

போன மார்கழியில் மச்சானும் நானும் பெட்டமுகிலாளம் என்கிற மலைக்கிராமத்துக்குப் போனோம். அவனுக்குத் தெரிந்தவர் வீட்டு மொட்டைமாடியில் ராத்தங்கல். (காட்டுக்குள் கூடாரம் போடலாம் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். சுற்றிலும் காப்புக்காடு, யானை நடமாட்டம் வேறு.)

எனக்கு முதுகுவலி உண்டு. சுமை குறைய வேண்டும் என்றுதான், எடை குறைந்த ஸ்லீப்பிங் பேக் (உள்ளே புகுந்து படுக்கிற போர்வைப் பை) வாங்கக் கிளம்பும் முன்னால் கிருஷ்ணகிரியில் ஒரு கடைக்குப் போனேன். கடைப் பையன் வாய் ஓயவில்லை: "ஒரிஜினல் வாத்து இறகுண்ணா. 800 கிராம்தான். மைனஸ் பத்து வரைக்கும் தாங்கும், லடாக் போறவங்களே இதைத்தான் எடுக்கறாங்க." விலை 6,500 ரூபாய். பில் கேட்டேன். "பில் போட்டா ஜிஎஸ்டி சேருமேண்ணா" என்றான். நானும் தலையாட்டிவிட்டு ஜிபே பண்ணினேன். சறுக்கியது அங்கேதான்.

பெட்டமுகிலாளத்தில் தண்ணீர் உறைகிற குளிரெல்லாம் கிடையாது. ஆனாலும் ராத்திரி மூன்று மணிக்கு ஸ்வெட்டர், குரங்கு குல்லா எல்லாம் மாட்டிக்கொண்டு, அந்தப் பைக்குள் முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு கிடந்தேன். பக்கத்தில் மச்சான் ஒரு பழைய ஜமுக்காளமும் கம்பளியுமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

தர்மபுரி வந்ததும் சித்தப்பாவின் மளிகைக்கடைத் தராசில் வைத்தேன். உறை இல்லாமலே 1 கிலோ 640 கிராம். "ஏன்டா, இதுக்கு ஒன்றரை கிலோ கேழ்வரகு மாவைக் கட்டிக்கிட்டுப் போயிருந்தா களியாவது கிண்டியிருக்கலாமே" என்றார். ஓரத்தில் தையலைப் பிரித்துப் பார்த்தேன். இறகாவது ஒன்றாவது, தலையணையில் அடைக்கிற வெள்ளை பாலியெஸ்டர் பஞ்சு.

பாலியெஸ்டர் கெட்ட பொருள் என்று சொல்லவில்லை. இறகு நனைந்தால் கட்டிதட்டிப்போய்ச் சூடு தராது. பஞ்சு ஓரளவு ஈரம் தாங்கும், மலிவும்கூட. பனிமூட்டத்தில் படுக்கப் பஞ்சே போதும் என்பேன். அதை இறகு விலைக்கு விற்றதுதான் என் வயிற்றெரிச்சல்.

அந்த மைனஸ் பத்து சங்கதியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஐஎஸ்ஓ 23537 என்கிற சர்வதேசத் தரப்படி சோதித்த பைகளில் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று தனித்தனி வெப்பநிலை இருக்கும். நிம்மதியாகத் தூங்க கம்ஃபர்ட் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் பிழைத்துக் கிடப்பதற்கான எல்லை, தூக்கத்துக்கானது இல்லை. என் பையின் லேபிளில் மைனஸ் பத்துக்குக் கீழே எறும்பு எழுத்தில் எக்ஸ்ட்ரீம் என்றிருக்கிறது. கம்ஃபர்ட் எண்ணே காணோம். வாங்கும்போது கண்ணாடி போட்டுப் படிக்காதது என் தப்பு.

வாங்கிய பத்தாம் நாள் கடைக்குப் போனேன். "சிலருக்கு உடம்பு வாகு அப்படிண்ணா, எதைப் போர்த்தினாலும் குளிரும்" என்று ஆரம்பித்தான். தையலைக் காட்டியதும் முதலாளியே வந்துவிட்டார். "கிழிச்ச பொருளை எப்படி சார் எடுக்கறது? விற்ற பொருள் வாபஸ் இல்லைன்னு போர்டு இருக்கே." நான் பிரித்திருக்கக் கூடாது. எடையையும் லேபிளையும் மட்டும் காட்டிச் சண்டை போட்டிருக்க வேண்டும்.

அந்த போர்டுக்குப் பயப்பட வேண்டாம். பில் தர மறுப்பதும், பில்லில் கெடு எதுவும் போடாதபோது குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் போட்டுப் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

பில் இல்லாத குறைக்கு, வாங்கும் முன்னால் வாட்ஸப்பில் "வெயிட் 800 கிராம், டக் டவுன்" (அதாவது வாத்து இறகு) என்று கடைப் பையன் அனுப்பிய செய்தி இருக்கிறது. ஜிபே ரசீதும் இருக்கிறது. நீங்கள் வாங்கப் போனால் கடையிலேயே எடை போடச் சொல்லுங்கள். தராசு இல்லை என்றால் பக்கத்து மளிகைக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், வெட்கப்பட வேண்டாம்.

பையைத் தூக்கி எறிந்துவிடு என்கிறாள் மனைவி. ஆதாரமாயிற்றே, பீரோ மேல்தான் கிடக்கிறது.