வேனுக்கு எந்த ஹீட்டர்? மூன்று வருஷம் குளித்துப் பார்த்தவன் சொல்கிறேன்

பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்கி, கிருஷ்ணகிரியிலேயே சீட்டைக் கழற்றி, படுக்கையும் ஓர் ஆள் நிற்கும் குளியலறையும் வைத்தோம். மார்கழியில் தளி, ஏற்காடு என்று கிளம்பினால் அம்மாவுக்கு வெந்நீர் இல்லாமல் முடியாது.

முதலில் கேஸ் கீசர். கரண்ட் வேண்டாம், 5 கிலோ சிலிண்டர் போதும் என்று கடைக்காரர் சொன்னது நிஜம்தான். ஆனால் வேன் கூரை டேங்கிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு அது பற்றவே இல்லை. தண்ணீர் அழுத்தித் தள்ளினால்தான் பொறி தட்டும். இல்லாவிட்டால் அந்த டிக்டிக் சத்தம்கூட வராது. 12 வோல்ட் பம்ப் வைத்த பிறகுதான் வழிக்கு வந்தது.

அது சின்னத் தொல்லை. ஏற்காட்டில் ஒரு காலை, குளிருக்காக ஜன்னலைச் சாத்திக்கொண்டு குளித்த மனைவி, "என்னங்க, தலை சுத்துது, கதவத் தொறங்க" என்றாள். வெளியே உட்கார வைத்து அரை மணி நேரம் கழித்துத்தான் முகம் தெளிந்தது. அடைத்த இடத்தில் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனையே கிடையாது. அமெரிக்காவில் காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் ட்ரெய்லர் வீடுகளின் ஹீட்டர்களில் எரியும் பகுதி வெளிச்சுவரைப் பார்த்து இருக்கும், புகை உள்ளே வராது. நம் கீசர் அதற்குச் செய்ததல்ல. அன்றைக்கே கழற்றிவிட்டேன்.

அடுத்து 10 லிட்டர் கரண்ட் ஹீட்டர், 2000 வாட். இங்கேதான் என் கணக்கு தப்பியது. லாட்ஜ், மண்டபம், சொந்தக்காரர் வீடு, எங்கே வயர் இழுத்தாலும் கிடைப்பது 5 ஆம்ப்ஸ் பிளக். இதற்கோ ஏறக்குறைய 9 ஆம்ப்ஸ் வேண்டும். ஒரு மண்டபத்தில் முகூர்த்த நேரத்தில் மொத்தமும் அணைந்து, சமையல்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். எலக்ட்ரீசியனிடம் கொடுத்து, தண்ணீரைச் சூடாக்கும் காயிலை மாற்றி 1000 வாட் காயில் போட்டேன். அரை மணி நேரம் ஆகிறது. ஆனால் நன்றாகக் கொதிப்பேறிய 10 லிட்டரில் பச்சைத் தண்ணீர் கலந்தால் இரண்டு பேருக்குத் தாராளம். இன்வெர்டரில் ஓட்டலாமே என்பார்கள். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 80 ஆம்ப்ஸுக்கு மேல் உறிஞ்சும், அந்த ஆசையே வேண்டாம். வெளி பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று பார்க்காமல் நான் சொருகுவதில்லை. தகர வண்டி, ஈரக் கால். கரண்ட் கசிந்தால் உடனே அணைத்துவிடும் 30 மில்லிஆம்ப்ஸ் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் ஒன்றும் வேனிலேயே இருக்கிறது.

ஒரு வருஷத்தில் சூடேற முக்கால் மணி ஆனது. திறந்தால் காயில் முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பு. ஸ்க்ரூடிரைவரால் தட்ட, அப்பளம் நொறுங்குவதுபோல் உதிர்ந்தது. எல்லாம் எங்கள் போர் தண்ணீரின் கைவண்ணம். இப்போது வேன் டேங்கில் ஒகேனக்கல் காவிரித் தண்ணீர்தான். குழாயில் அது வருகிற நாளாகப் பார்த்துப் பயணம் வைக்கிறோம் என்று அம்மா கிண்டல் செய்கிறார். இரண்டாம் முறை திறந்தபோது காயிலில் மெல்லிய படலம்தான்.

ஹீட்டரை மாட்டும்போது சுவர் ஸ்க்ரூ இரண்டை நம்பாதீர்கள். தொப்பூர் கணவாய் இறங்குவதற்குள் எங்களுடையது ஒரு பக்கம் தொங்கிவிட்டது. இப்போது அடியில் இரும்பு ஆங்கிள் தாங்குகிறது.