டெஸ்க்டாப்பிலேயே கோப்பா, டி டிரைவில் ஃபோல்டரும் ஷார்ட்கட்டுமா?

டெஸ்க்டாப்பில் கோப்புகளை வைத்தால் கணினி மெதுவாகுமா என்பதுதான் கேள்வி. டெஸ்க்டாப்பும் ஒரு ஃபோல்டர்தான், விண்டோஸில் வழக்கமாக சி டிரைவுக்குள் இருக்கிறது. அதனால் 4 ஜிபி வீடியோவை அங்கே போட்டதாலேயே ராம் (புரோகிராம்கள் ஓடும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்) நிரம்பிவிடாது, அந்தப் பயம் வேண்டாம். எண்ணிக்கைதான் சிக்கல்: நூற்றுக்கணக்கில் படமும் பிடிஎஃப்பும் குவிந்தால் லாகின் செய்ததும் ஒவ்வொன்றுக்கும் ஐகானோ முன்னோட்டப் படமோ வரைந்தாக வேண்டும், பழைய ஹார்ட் டிஸ்க் கணினியில் அவை முதலில் வெள்ளைத் தாள் மாதிரி நின்று, அப்புறம் ஒவ்வொன்றாக உருவம் பெறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான எஸ்எஸ்டியில் இது அவ்வளவாகத் தெரியாது.

சரி, கோப்புகளை டி டிரைவில் வைத்து, அந்த ஃபோல்டருக்கு ஒரு ஷார்ட்கட் மட்டும் டெஸ்க்டாப்பில் வைத்தால்? ஷார்ட்கட் என்பது அசல் இடத்துக்கு வழிகாட்டும் இணைப்பு மட்டுமே, அளவு சில கேபிதான், வரைய வேண்டியதும் ஒரே ஐகான். வேகத்தைவிட இன்னொரு காரணத்துக்காக நான் இதையே சொல்வேன்: சி டிரைவை ஃபார்மட் செய்து விண்டோஸை மறுபடி போடும்போது டெஸ்க்டாப்பில் இருந்தது மொத்தமும் போய்விடும், டி டிரைவில் இருப்பது தப்பிக்கும். சி டிரைவில் இடமும் மிஞ்சும், அது நிரம்பினால் அப்டேட்கூட ஏறாமல் நிற்கும். ஆனால் இரண்டும் ஒரே டிஸ்க்கின் பகுதிகள் என்றால், டிஸ்க் பழுதாகும்போது இரண்டுமே போகும், பேக்கப் தனியாக வேண்டும்.

இன்றைக்குத் திறந்து வேலை செய்கிற நாலைந்து கோப்பு டெஸ்க்டாப்பில் தாராளமாக இருக்கட்டும்.