மழைக்காலத்தில் யோக நித்திரை: ஆறு ஆண்டு அனுபவம்

2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு அடையாற்று வெள்ளம் எங்கள் சைதாப்பேட்டை வீட்டுக்குள் புகுந்தபோது, மாமியாரைக் கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டுபோய், மின்சாரம் இல்லாத இருட்டில் விடியும்வரை மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தோம். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதன்பிறகு ஐப்பசி பிறந்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். இரவில் மூன்று முறையாவது எழுந்து, வாசல் விளக்கைப் போட்டு, தெருவில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். 2019இல் மனநல மருத்துவரிடம் சென்றேன். மருந்தும் ஆலோசனையும் தொடங்கிய அவர், கூடவே குரல்வழித் தியானத்தையும் முயன்று பார்க்கச் சொன்னார்.

முதலில் ஒரு செயலியைத் தரவிறக்கிக் கேட்டேன். அமைதிக்காக அதில் பின்னணியாகச் சேர்த்திருந்தது மழைச்சத்தம். இரண்டு நிமிடத்துக்குள் உள்ளங்கை வியர்த்து, இயர்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். பேரதிர்ச்சிக்கு ஆளானவர்களில் சிலருக்குக் கண்ணை மூடுவதும் மூச்சைக் கவனிப்பதுமே பதற்றத்தைக் கூட்டிவிடும் என்றும், அது செய்பவரின் குறையல்ல என்றும் மருத்துவர் விளக்கியிருக்காவிட்டால், தியானம் எனக்கு ஆகாது என்று அன்றே விட்டிருப்பேன்.

பிறகு கற்றுக்கொண்டதுதான், பீகாரின் முங்கேரில் யோகப் பள்ளியை நிறுவிய சுவாமி சத்தியானந்த சரஸ்வதி முறைப்படுத்திய யோக நித்திரை. மல்லாந்து படுத்து, ஒரு சங்கல்பத்தை மனத்துக்குள் சொல்லிக்கொண்டபின், வலது கைப் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று குரல் சொல்லச் சொல்லக் கவனத்தை உடல் முழுவதும் நகர்த்த வேண்டும். அடுத்து 27இலிருந்து 1 வரை மூச்சைப் பின்னோக்கி எண்ணுவது, உடலைக் கனமாகவும் லேசாகவும் உணர்வது, மனக்காட்சிகள் என்று பயிற்சி நீளும். இதற்கு முன், ஜான் கபாட்-ஸின் 1979இல் அமெரிக்காவில் தொடங்கிய மன அழுத்தக் குறைப்புப் பயிற்சித் திட்டத்தில் உள்ள உடல் கவனிப்பு முறையையும் முயன்றிருந்தேன். இடது கால் விரல்களில் தொடங்கி ஒவ்வோர் உறுப்பிலும் நிதானமாக நிற்கும் அந்த முக்கால் மணி நேரத்தில் என் மனம் வெள்ளத்துக்குத் திரும்பிவிடும். யோக நித்திரையிலோ நினைவு வந்து ஒட்டிக்கொள்வதற்குள் குரல் அடுத்த விரலுக்குப் போய்விடுகிறது. எனக்கு உதவியது இந்த வேகம்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆயினும் முதல் நான்கு மாதங்கள் மூச்சு எண்ணும் கட்டத்துக்குப் போகாமல், உடல் சுற்றோடு நிறுத்திக்கொண்டேன். கண்ணையும் பாதி திறந்தே வைத்திருந்தேன். படபடப்பு எழுந்தால் உள்ளங்கையைத் தரையில் அழுத்தி, அதன் குளிர்ச்சியை உணர்ந்துவிட்டு எழுந்துவிடுவேன். வேண்டும்போது நிறுத்தலாம் என்ற உரிமை இல்லாத எந்தப் பயிற்சியையும் என்னைப் போன்றவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

தூக்கம் ஆறாவது வாரத்தில் சற்றுச் சீரானது. மழை இரவுகளில் எழுவது ஒரு முறையாகக் குறைய மூன்று பருவமழைகள் ஆயின. இடையில் ஒரு வகுப்பில், பயிற்சி கைவந்துவிட்டதால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றார்கள். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த நான் ஒப்பவில்லை. அதற்காக இன்றும் நிம்மதி அடைகிறேன். ஏனெனில் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எந்தப் பயிற்சியும் கைகொடுக்கவில்லை. இரண்டு இரவுகள் படுக்கவே முடியாமல் மறுபடி மருத்துவரிடம் போனேன். அவர் மருந்தின் அளவைக் கூட்டிய பிறகுதான் மீண்டும் படுத்துக் கேட்கும் நிலைக்கே வந்தேன். மருத்துவரை எட்ட முடியாத நேரத்தில் மத்திய அரசின் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

குரல் மிகவும் முக்கியம். இயந்திரத்தனமான மொழிபெயர்ப்புத் தமிழில் "தளர்த்துங்கள்" என்று கேட்கும்போதெல்லாம் என் தோள்கள் இறுகின. அதனால் திருநெல்வேலியில் இருக்கும் அக்காவே கைபேசியில் பேசிப் பதிவுசெய்து அனுப்பினாள். "பெருவிரல்... ஆள்காட்டி விரல்... அப்படியே விட்டுரு" என்று அவள் சொல்லும் அந்தப் பதினெட்டு நிமிடப் பதிவைத்தான் இப்போதும் கேட்கிறேன். கடலும் ஆறும் வரும் மனக்காட்சிப் பகுதியை அவளாகவே அதில் சேர்க்காமல் விட்டுவிட்டாள்.